நடந்து எழுதியவர் – ஜான் மியூர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

பயணம் செய்தவர்கள் உலகில் பலர். கண்டதை எழுதியவர்கள் அவர்களுள் சிலர். எழுதியதன் பயனாக ஒரு மலைநாடே சட்டத்தின் காவலைப் பெற்றது என்று சொல்லத்தக்கவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் ஒருவர் ஜான் மியூர். தாவரவியலார் அவரைத் தம்முள் ஒருவர் என்பர். நிலவியலார் பனியாறுகளை ஆராய்ந்தவர் என்பர். மலையேறுவோர் தங்கள் முன்னோடி என்பர். ஆனால் அவர் பெயரை நாடறியச் செய்தது பத்திரிகைகளுக்கு எழுதிய எழுத்தே. இன்று சுற்றுச்சூழல் இதழியல் என்று ஒரு துறையைத் தனியாக வகுத்துப் பாடம் நடத்துகிறார்கள். அந்தப் பெயர் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னரே அத்தொழிலைச் செய்து, அதில் வென்றும் தோற்றும் போனவர் அவர்.

அவருடைய வரலாறு முழுவதையும் சொல்வது என் நோக்கமன்று. அவருடைய எழுத்துக்கு அத்தனை வலிமை எங்கிருந்து வந்தது, அது எந்த இடத்தில் பலிக்காமற் போயிற்று என்பவற்றையே பார்க்க விரும்புகிறேன். கூடவே, படித்து முடித்துப் பிழைப்புத் தேடவேண்டிய மாணவர்களுக்கு இயல்பாக எழும் கேள்வி ஒன்றும் உண்டு. இப்படி மலை மலையாகச் சுற்றி எழுதியவருக்குச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? நூலகத்தில் அவரைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியதும் இதுதான்.

கிணறும் கல்லூரியும்

மியூர் 1838-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கடற்கரை ஊரான டன்பாரில் பிறந்தார். 1849-இல் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கு வயது பதினொன்று. விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டைத் திருத்திப் பயிர் செய்யும் வாழ்வு. தந்தை டேனியல் மியூர் சமயப் பற்று மிக்கவர்; கண்டிப்பிலோ எல்லை கடந்தவர். விவிலியத்தின் புதிய ஏற்பாடு முழுவதையும், பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் மகன் அடிக்கு அஞ்சி மனப்பாடம் செய்தான். பள்ளிக்கூடம் ஏறத்தாழ நின்றே போயிற்று.

புதிய நிலத்தில் தண்ணீருக்குக் கிணறு தோண்ட வேண்டியிருந்தது. மேலே பத்தடி மண், அதன்கீழ் மணற்பாறை. சுத்தியலும் உளியும் கொடுத்துத் தந்தை மகனைக் கீழே இறக்கிவிட்டார். மூன்றடி விட்டமுள்ள குழிக்குள் உட்கார்ந்து, காலை முதல் இருட்டும் வரை, மாதக்கணக்கில் மியூர் பாறையைச் செதுக்கினார். எண்பதடி ஆழம் போனபோது ஒரு நாள் காலையில் அடியில் தங்கியிருந்த கரியமில வாயு அவரை மயக்கிவிட்டது. தந்தை மேலிருந்து கூவிக் கூவி, எப்படியோ வாளிக்குள் ஏறச் செய்து மூச்சுப் பேச்சற்ற நிலையில் வெளியே இழுத்தார். பக்கத்துப் பண்ணையிலிருந்த அனுபவசாலி ஒருவர் தண்ணீரைத் தெளித்தும், கயிற்றில் கட்டிய தழைக்கொத்தை மேலும் கீழும் இறக்கி ஏற்றியும் கெட்ட காற்றைக் கலைக்கச் சொல்லிக் கொடுத்தார். நம் ஊரில் தூர் வாருகிறவர்கள் முதலில் ஒரு விளக்கை இறக்கிப் பார்ப்பது இதே காரணத்திற்காகத்தான். மியூர் ஓரிரு நாளில் தேறியதும் மீண்டும் இறக்கப்பட்டார். தொண்ணூறு அடியில் நல்ல தண்ணீர் கிடைத்தது. பாறையோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் இது என்று சொல்லலாம்.

இரவு ஒரு மணிக்கே எழுந்து, நிலவறையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மரத்தாலேயே கடிகாரங்களும் விசித்திர இயந்திரங்களும் செய்தார். குறித்த நேரத்தில் கட்டிலைச் சாய்த்துத் தூங்குபவனை எழுப்பிவிடும் இயந்திரம் அவற்றுள் ஒன்று. 1860-இல் மாநிலத் தலைநகரான மாடிசனில் நடந்த பொருட்காட்சிக்கு அவற்றைக் கொண்டுபோனார். அந்தப் புகழே அவரை அங்கிருந்த பல்கலைக்கழகத்திற்குள் கொண்டு சேர்த்தது.

அங்கே நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியைத் தாவரவியல் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாள் கிரிஸ்வோல்டு என்ற சக மாணவர், விடுதி வாசலில் நின்ற ராபினியா மரத்தின் பூ ஒன்றைப் பறித்து, 'இது எந்தக் குடும்பம்?' என்று கேட்டார். மியூருக்கு ஒன்றும் தெரியவில்லை. 'பட்டாணிக் குடும்பம்' என்றார் நண்பர். தரையில் படரும் பட்டாணிக் கொடி எங்கே, முள்ளோடு நிமிர்ந்து நிற்கும் இந்த மரம் எங்கே என்று மியூர் வாதாடினார். நண்பர் பூவைப் பிரித்து, கொடியல்லி, சிறகல்லி, படகல்லி, பத்து மகரந்தத் தாள், கடைசியில் அவரைபோன்ற காய் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நாம் அகத்திப் பூவைப் பிரித்துப் பார்த்துக் கற்றது இதே பாடம். அன்றோடு மியூர் தாவரவியலுக்கு ஆட்பட்டார். வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே ஒழுங்கு ஒன்று என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

தமக்கு வேண்டிய பாடங்களை மட்டும் படித்துவிட்டு 1863-இல் பட்டம் பெறாமலே அவர் வெளியேறினார். இதை ஒரு பெருமையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பேராசிரியர் எஸ்ரா காரிடம் அவர் நிலவியல் கேட்டது அங்கேதான். பனியாறுகளே பூமியின் முகத்தைச் செதுக்கின என்ற அகாசியின் கொள்கை அவர் காதில் விழுந்ததும் அங்கேதான். கல்லூரி கொடுத்ததை அவர் கடைசிவரை செலவழித்துக்கொண்டே இருந்தார். அதே பல்கலைக்கழகம் 1897-இல் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது.

கண்ணைக் கொடுத்த விபத்து

கல்லூரியை விட்டபின் கனடாவிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலை வேலை. இயந்திர அறிவு இருந்ததால் நல்ல சம்பளம்; மேலும் உயர வழியும் இருந்தது. 1867 மார்ச்சில் இண்டியானாபொலிஸ் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் இயந்திரப் பெல்ட்டைச் சரிசெய்தபோது கையிலிருந்த அரம் எகிறி வலக்கண்ணில் பாய்ந்தது. அக்கண் பார்வை போயிற்று. சில மணி நேரத்தில் இடக்கண்ணும் மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். பார்வை மெல்லத் திரும்பியபோது, இனி இயந்திரத்தின் முன் நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தச் செப்டம்பரிலேயே செடிகளை உலர்த்தும் அழுத்துப்பலகையைத் தூக்கிக்கொண்டு தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார். கென்டக்கி, டென்னசி, ஜார்ஜியா வழியாக ஃபுளோரிடாவின் மேற்குக் கரை வரை ஆயிரம் மைல். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆன காலம். வழியெல்லாம் பாழடைந்த ஊர்களும் கொள்ளையரும். சவானா நகரில் தம்பி அனுப்பிய பணம் வரும்வரை கல்லறைத் தோட்டத்தில் படுத்து உறங்கினார். அங்கே யாரும் வந்து தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பது அவர் கணக்கு! ஃபுளோரிடாவில் மலேரியா அவரைப் படுக்கையில் தள்ளியது. அமேசானுக்குப் போகவேண்டும் என்ற திட்டம் கியூபாவோடு நின்றது. உடல் தேறக் குளிர்ந்த இடம் நாடி, பனாமா வழியாக 1868 மார்ச் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ வந்திறங்கினார். உடனே நகரத்தை விட்டு வெளியேறிச் சியரா நெவாடா மலைத்தொடரை நோக்கி நடந்தார். அங்கேதான் யோசெமிட்டி பள்ளத்தாக்கு இருக்கிறது: மூவாயிரம் அடி உயரச் செங்குத்துப் பாறைகள், நாலாபுறமும் அருவிகள்.

ஆயிரம் மைல் நடந்தபோது எழுதிய குறிப்பேடு அவர் இறந்த பிறகு 1916-இல்தான் நூலாயிற்று. பயணம் முடிந்த மறு மாதமே புத்தகம் வந்துவிடவேண்டும் என்று துடிப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆட்டு மந்தையும் அளவு முளையும்

1869 கோடையில் அவர் ஒரு செம்மறி மந்தையோடு மலைமேல் போனார். மேய்ப்பவர் வேறொருவர், மேற்பார்வை இவருடையது. சம்பளமும் கிடைத்தது, செடிகளைப் பார்க்க நேரமும் கிடைத்தது. ஆனால் மந்தை கடந்துபோன இடத்தில் மலைப்பூக்கள் வேரோடு அழிந்திருப்பதை அவர் கண்ணாரக் கண்டார். நம் பக்கத்தில் ஆடாதோடையைத் தவிர ஆடு எதையும் விட்டுவைக்காது என்பார்கள். அந்த மலையில் அதுவும் இல்லை. ஆட்டுக் கூலி வாங்கியவரே பிற்காலத்தில் ஆட்டு மந்தைகளுக்கு எதிராக எழுதினார் என்று சிலர் குறை கூறுவர். கூட இருந்து பார்த்தவர் என்பதால்தான் அவர் சொன்னதற்கு மதிப்பு என்பது என் கருத்து. பிறகு பள்ளத்தாக்கிலேயே ஒரு மர அறுவை ஆலையில் வேலை பார்த்தார். காற்றில் சாய்ந்து விழுந்த மரங்களை மட்டுமே அறுத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார்.

அக்காலத்தில் யோசெமிட்டி எவ்வாறு உண்டாயிற்று என்பது ஒரு பெரிய விவாதம். கலிபோர்னியாவின் அரசு நிலவியலார் ஜோசையா விட்னி, ஒரு பேரதிர்ச்சியில் தரை அப்படியே கீழே இறங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். மியூரோ, பாறையில் தெரிந்த வழவழப்பையும் கீறல்களையும் பார்த்து, இது பனியாறு செதுக்கியது என்றார். விட்னி அவரை வெறும் ஆட்டிடையன் என்று இகழ்ந்ததாகக் கூறுவர். 1871-இல் மலை உச்சிப் பகுதியில் உயிருள்ள பனியாறு ஒன்றை மியூர் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் யோசெமிட்டிப் பனியாறுகளைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. அச்சில் வந்த அவருடைய முதல் கட்டுரை அதுவே. அப்போது வயது 33.

அதோடு அவர் விடவில்லை. கிடப்பது வெறும் பழைய பனிக்குவியல்தான் என்று மறுப்பவர்களுக்கு, அது நகர்கிறது என்று காட்டவேண்டும். 1872 ஆகஸ்ட் 21-ஆம் நாள் மக்ளூர் பனியாற்றின் குறுக்கே நேர்கோட்டில் முளைகளை அடித்துவிட்டு வந்தார். நாற்பத்தாறு நாள் கழித்து, அக்டோபர் 6-ஆம் நாள் போய் அளந்தார். ஓரத்தில் இருந்த முதல் முளை 11 அங்குலம் கீழே நகர்ந்திருந்தது. நடுவை ஒட்டிய நான்காம் முளை 47 அங்குலம் நகர்ந்திருந்தது. ஓரத்தில் மெதுவாகவும் நடுவில் விரைவாகவும் ஓடுவது ஆற்றின் இயல்பு. நாளுக்கு ஓர் அங்குலம் ஓடினாலும் ஆறு ஆறுதான்!

ஆய்வுக்கூடம் இல்லை, கருவி என்று சொல்ல ஒன்றும் இல்லை. சில முளைகள், ஓர் அளவுகோல், இருமுறை மலை ஏறி இறங்கும் கால்கள், அவ்வளவே. மியூரின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அவர் முழுவதும் சரி என்று சொல்லிவிட முடியாது. மலை முழுவதையுமே பனி மூடியிருந்தது என்று அவர் அளவுக்கு மீறிச் சொன்னார். 1930-இல் வெளிவந்த மாத்தீஸ் என்பவரின் விரிவான ஆய்வு, முதலில் ஆறும் பிறகு பனியும் சேர்ந்தே அப்பள்ளத்தாக்கை அமைத்தன என்று காட்டியது. ஆனாலும் விட்னியைவிட ஆட்டிடையரே உண்மைக்கு அருகில் இருந்தார்.

பேனாவும் பழத்தோட்டமும்

மலையேறுவதில் அஞ்சாதவர், எழுத உட்கார்ந்தால் அஞ்சினார். ஒரு வாக்கியத்தை எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, நாள் முழுவதும் போராடுவார். பேராசிரியர் காரின் மனைவி ஜீன் கார் அம்மையார்தாம் அவரை விடாமல் தூண்டியவர். அவருடைய கடிதங்களை வாங்கிப் படித்துவிட்டு, இதையெல்லாம் உலகத்துக்குச் சொல்லவேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. 1873-74-இல் மியூர் ஓக்லண்டு நகரில் பத்து மாதம் அடைந்து கிடந்து, சியரா மலை உருவான விதம் பற்றி ஏழு கட்டுரைகள் எழுதினார். ஓவர்லண்டு மன்த்லி இதழ் அவற்றை வெளியிட்டது. நகரத்து மாடியறை அவருக்குச் சிறை; முடிந்ததும் மலைக்கு ஓடினார்.

அதன் பிறகு வந்த கட்டுரைகள் பொதுமக்களும் விரும்பிப் படித்த சாகசக் கட்டுரைகள். 1874 டிசம்பரில் பெரும்புயல் அடித்தபோது, காற்றில் மரம் எப்படி ஆடுகிறது என்று அறிய, நூறடி உயர டக்ளஸ் மரத்தின் நுனிக்கு ஏறி மணிக்கணக்கில் தொற்றிக்கொண்டிருந்தார். 1875 ஏப்ரல் 30-ஆம் நாள், காற்றழுத்தமானி அளவு எடுப்பதற்காக ஷாஸ்டா சிகரத்தின் மேல் ஒரு துணைவரோடு இருந்தபோது பனிப்புயல் சூழ்ந்துகொண்டது. எரிமலையின் வெந்நீராவி கசியும் சேற்றில் இருவரும் இரவெல்லாம் படுத்துக் கிடந்தார்கள். கீழே முதுகு வெந்தது. மேலே மார்பு உறைந்தது. புரண்டு புரண்டு படுத்தே உயிர் பிழைத்தார்கள்.

இவற்றைப் படிப்பவர் சாகசத்துக்காகப் படிக்கிறார். ஆனால் படித்து முடிக்கும்போது மரத்தின் கட்டமைப்பையும் பனியின் இயல்பையும் தெரிந்துகொண்டுவிடுகிறார். இதுதான் மியூரின் உத்தி. அதை உத்தி என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

1879-இல் அலாஸ்கா சென்று, டிலிங்கிட் பழங்குடியினர் ஓட்டிய மரத்தோணியில் பனியாற்று விரிகுடாவை அடைந்தார். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ பத்திரிகைக்கு அனுப்பிய கடிதங்களைப் படித்தவர்கள் நீராவிக் கப்பலேறி அதைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். மறு ஆண்டுப் பயணத்தில் ஸ்டிக்கீன் என்ற சிறு நாயோடு ஒரு பனிப்பிளவில் அகப்பட்டார். பிளவின் அகலம் ஐம்பதடி. கடக்க இருந்ததோ குறுக்காகச் சென்ற எழுபதடி நீளக் கத்திமுனைபோன்ற பனிப்பாலம். மேல்விளிம்பைக் கோடரியால் சீவிக்கொண்டே, குதிரைமேல் உட்கார்வதுபோல் உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகக் கடந்தார். பின்னால் நின்ற நாய் அழுது புலம்பி, கடைசியில் தானும் நடந்து வந்து சேர்ந்து, மகிழ்ச்சியில் பைத்தியம் பிடித்தாற்போல் சுழன்று ஓடியது. நண்பர்களிடம் பலமுறை வாய்மொழியாகச் சொன்ன இக்கதையை அவர் அச்சில் கொடுத்தது 1897-இல், அதாவது பதினேழு ஆண்டு கழித்து.

சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? மலையில் இருக்கும்போது ரொட்டியும் தேயிலையும் போதும். போர்வை இல்லாமலே பல இரவு படுத்திருக்கிறார். பத்திரிகைகள் கொடுத்த பணம் தனியாள் ஒருவருக்குப் போதுமானதாயிற்று. 1880 ஏப்ரலில் லூயி ஸ்டிரென்ட்செல் அம்மையாரை மணந்தபின் நிலைமை மாறியது. மார்ட்டினெஸ் ஊரில் மாமனாரின் பழத்தோட்டத்தைக் கையில் எடுத்து, திராட்சையும் பேரிக்காயும் பயிரிட்டுக் கைதேர்ந்த விவசாயி ஆனார். நல்ல பணம் சேர்ந்தது; ஆனால் பேனா ஏறத்தாழ நின்றுவிட்டது. உடலும் மெலிந்தது. தோட்டத்தின் ஒரு பகுதியை விற்றாவது, குத்தகைக்கு விட்டாவது மலைக்கும் எழுத்துக்கும் திரும்பும்படி வற்புறுத்தியவர் மனைவியே. ஆக, எழுத்து அவருக்குச் சோறு போட்டது என்பதைவிட, கிணறு தோண்டிய கையும், ஆலையில் உழைத்த கையும், பழத்தோட்டமும் சேர்ந்து எழுத்துக்குச் சோறு போட்டன என்பதே பொருத்தம்.

இரண்டு கட்டுரைகளும் ஒரு சட்டமும்

காடுகளைக் காக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாக எழுதிய முதல் கட்டுரை 1876 பிப்ரவரியில் சாக்ரமென்டோ நகரத்து நாளிதழில் வந்தது. அப்போது அதனால் ஒன்றும் நடக்கவில்லை. 1889-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற செஞ்சுரி இதழின் ஆசிரியர்களுள் ஒருவரான ராபர்ட் அண்டர்வுட் ஜான்சன் மேற்கே வந்தார். மியூர் அவரை டுவாலமி புல்வெளிக்கு அழைத்துப் போனார். 'நீங்கள் எழுதிய பூந்தோட்டங்கள் எங்கே?' என்று ஜான்சன் கேட்க, செம்மறி மந்தைகள் தின்று தீர்த்த கதையை மியூர் சொன்னார். தீமூட்டிய கூடாரத்தின் முன்பே திட்டம் உருவாயிற்று: மியூர் இரண்டு கட்டுரை எழுதவேண்டும், ஜான்சன் அவற்றை வெளியிட்டுவிட்டுத் தலைநகரில் ஆதரவு திரட்டவேண்டும்.

கட்டுரைகள் 1890 ஆகஸ்ட், செப்டம்பர் இதழ்களில் வந்தன. அக்டோபர் 1-ஆம் நாள் யோசெமிட்டி தேசியப் பூங்காச் சட்டம் கையெழுத்தாயிற்று. எழுத்துக்கும் சட்டத்துக்கும் இவ்வளவு நெருங்கிய இடைவெளி வரலாற்றில் அரிது. ஆனாலும் பள்ளத்தாக்கு மாநில அரசின் கையிலேயே இருந்தது. சுற்றியுள்ள மலைகள் மட்டுமே மத்திய அரசிடம் வந்தன. 1892 மே 28-ஆம் நாள் சியரா கிளப் தொடங்கியபோது மியூரே தலைவரானார். இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். 1903 மே மாதம் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் மூன்று இரவு அவரோடு வெட்டவெளியில் தங்கினார். ஓரிரவில் பெய்த பனி போர்வைமேல் படிந்திருக்க எழுந்தார்கள். 1906-இல் பள்ளத்தாக்கும் மத்திய அரசின் பூங்காவில் சேர்ந்தது.

அவர் காணத் தவறியது

இவ்வளவு புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மியூர் யோசெமிட்டியை மனிதக் கை படாத இடமாக எழுதினார். அது உண்மையன்று. அங்கே அஹ்வானீச்சி என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். ஓக் மரத்தின் கொட்டை அவர்கள் உணவு. காலம் பார்த்துத் தீயிட்டுப் புதர்களை அகற்றி அந்தப் புல்வெளிகளைத் திறந்த வெளியாக வைத்திருந்தவர்களும் அவர்களே. 1851-இல் மாரிபோசா படை என்ற ஆயுதப்படை அவர்களைத் துரத்தியது. மியூர் வந்தது அதற்குப் பதினேழு ஆண்டு கழித்துத்தான். பாறையின் மெல்லிய கீறலைக் கண்டுகொண்டவர், புல்வெளியில் இருந்த மனிதக் கையைக் காணவில்லை. அங்கே எஞ்சியிருந்த பழங்குடியினரை அழுக்கர்கள் என்று அருவருப்போடு எழுதினார். தெற்கே நடந்தபோது கறுப்பின மக்களைப் பற்றியும் இழிவாகக் குறித்திருக்கிறார். அலாஸ்காவில் டிலிங்கிட் மக்களோடு ஒரே தோணியில் பயணம் செய்தபின் அவர் எண்ணம் சற்று மாறி, மரியாதையோடு எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எஞ்சிய கடைசிப் பழங்குடிக் குடியிருப்பு 1969-இல் இடிக்கப்பட்டது. தன் முதல் தலைவரின் இத்தகைய எழுத்துகள் உண்டாக்கிய புண்ணைச் சியரா கிளப்பே 2020-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

காடு வேறு, காட்டு மக்கள் வேறு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் பிற்காலத்தில் பல நாடுகளின் பூங்காக்களுக்கும் தொற்றிக்கொண்டது. அதற்கெல்லாம் மியூர் ஒருவர் மேல் பழிபோட முடியாது. ஆனால் அவர் எழுத்தைப் படித்தவர்கள் பலர். அந்த எழுத்தில் அம்மக்களுக்கு இடமில்லை.

மூழ்கிய பள்ளத்தாக்கு

யோசெமிட்டிக்கு வடக்கே, அதே தேசியப் பூங்காவுக்குள், அதேபோன்ற பாறைகளும் அருவிகளும் கொண்ட மற்றொரு பள்ளத்தாக்கு உண்டு. பெயர் ஹெட்ச் ஹெட்சி. டுவாலமி ஆறு அதன் வழியே ஓடுகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரம் குடிநீருக்காக அங்கே அணைகட்ட அனுமதி கேட்டு, 1903-இல் மறுக்கப்பட்டது. 1906 ஏப்ரல் 18-ஆம் நாள் பூகம்பம் வந்தது. குழாய்கள் உடைந்தன, தீயை அணைக்கத் தண்ணீரின்றி நகரம் எரிந்தது. அதன்பின் நாட்டின் இரக்கமெல்லாம் நகரத்தின் பக்கம் திரும்பியது. 1908-இல் அனுமதி கிடைத்தது. மியூர் இதழ்களில் எழுதினார், துண்டறிக்கை வெளியிட்டார், 1912-இல் வந்த தம் யோசெமிட்டி நூலின் கடைசி அத்தியாயத்தை இதற்கே ஒதுக்கினார். நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கான எதிர்ப்புக் கடிதங்கள் தலைநகருக்குச் சென்றன. எதிர்த்தரப்பில் இருந்தவர் சாமானியர் அல்லர். அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவரான கிஃபர்ட் பின்ஷோ. பெரும்பான்மை மக்களுக்கு நெடுங்காலம் பயன்படுவதே இயற்கையைக் காப்பதன் பொருள் என்பது அவர் வாதம். 1909-இல் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று, மியூர் பெண்ணுடை அணிந்து துடைப்பத்தால் வெள்ளத்தைப் பெருக்கித் தள்ளுவதுபோல் கேலிச்சித்திரம் போட்டது.

குடத்தோடு தெருக்குழாயில் வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளைகள், நகரத்தின் கேள்வியை அற்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு நகரத்துக்குத் தண்ணீர் பெரிதா, ஒரு பள்ளத்தாக்கு பெரிதா என்று மட்டும் கேட்டால் எனக்கும் பதில் சொல்லத் தயக்கமே. ஆனால் கேள்வி அதுவன்று. வேறு ஆறுகளிலிருந்தும் நீர் கொண்டுவர முடியும், ஆனால் ஹெட்ச் ஹெட்சியே செலவு குறைந்தது என்று இராணுவப் பொறியாளர் குழு 1913-இல் அறிக்கை கொடுத்தது. சட்டம்போட்டுக் காத்த இடத்தை மலிவு கருதி விட்டுக்கொடுக்கலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. அதை மக்கள் மனத்தில் பதியவைக்க மியூரால் முடியவில்லை. அணையை விரும்புகிறவர்களைக் கோயிலை இடிப்பவர்கள் என்ற முறையில் அவர் சாடினார். பனியாற்றை அங்குலக் கணக்கில் அளந்து காட்டியவர், இங்கே தண்ணீர்க் கணக்கையும் பணக் கணக்கையும் முன்னே வைத்துப் பேசியிருந்தால் இன்னும் சிலரையாவது திருப்பியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. 1913 டிசம்பர் 6-ஆம் நாள் செனட் சபையில் 43 பேர் அணைக்கு ஆதரவாகவும் 25 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். டிசம்பர் 19-ஆம் நாள் குடியரசுத் தலைவர் வில்சன் கையெழுத்திட்டார். அணை 1923-இல் முடிந்தது. 1934-இல் தண்ணீர் நகரத்தை எட்டியது. இன்றும் அந்நகரமும் சுற்றுப்புறமும் அதைத்தான் குடிக்கின்றன.

முன்பு விட்ட அமேசான் பயணத்தை மியூர் 1911-இல், எழுபத்து மூன்றாம் வயதில், தனியாகச் சென்று முடித்தார். திரும்பும் வழியில் ஆப்பிரிக்காவில் பேயோபாப் மரத்தையும் பார்த்துவிட்டே வந்தார். 1914 டிசம்பர் 24-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் நிமோனியாவால் இறந்தபோது, அலாஸ்காப் பயண நூலின் கையெழுத்துப் படி அருகே கிடந்தது.

அவர் முளை அடித்த இடத்துக்குப் பூங்கா ஆய்வாளர்கள் 2012-இல் மீண்டும் சென்று முளைகளை அடித்துப் பார்த்தார்கள். மக்ளூர் பனியாறு மிகவும் மெலிந்துபோயிருந்தாலும் இன்னும் நாளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்திலிருக்கும் லயல் பனியாறு நகர்வதை நிறுத்திவிட்டிருந்தது.